வழியனுப்ப யாரும் வரவில்லை

விமான நிலைய வாசலில் யாரும் அழவில்லை.

செண்பகவல்லிக்கு முதலில் உறுத்தியது அதுதான். துபாய் விமானம் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. பொருநையூர் மாதிரி ஊரில், இந்த நேரத்தில், இந்த வாசல் எப்படி இருக்க வேண்டும்? ஒரு பையனை அனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள். முந்தானையில் மூக்கைச் சிந்துகிற அம்மாக்கள். 'ஊறுகா பாட்டில துணியில சுத்துனியாலே' என்று கத்துகிற சித்தப்பாக்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முதுகு மறைகிறவரை கையாட்டி, மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே நிற்கிற கூட்டம்.

இன்றைக்கு பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வெளியே யாரும் இல்லை.

செண்பகவல்லி கூட்டத்தைப் படிக்கிற என்ஜினியர். மனிதர்கள் எங்கே நடப்பார்கள், எங்கே நிற்பார்கள், எங்கே முட்டிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டு, படிக்கட்டு இவ்வளவு அகலம், கூடம் இவ்வளவு நீளம் என்று சொல்வது அவள் வேலை. மூன்று வருடமாக அவள் தலையில் உட்கார்ந்திருப்பது ஒரே திட்டம். ரயில், பஸ், விமானம் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரும் பயண முனையம். ரயிலை விட்டு இறங்கியவன் கால்மணியில் பஸ்ஸிலோ விமானத்திலோ உட்கார்ந்திருக்க வேண்டும். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர். ஆபீசில் எல்லாரும் சொல்வது முச்சந்தி.

முச்சந்திக்கு வந்த ஒரே வில்லங்கம், வழியனுப்ப வருகிறவர்கள். பயணிகளுக்குத் தேவையான கூடம் சின்னதுதான். அவர்களை ஏற்றிவிட வருகிற சொந்தபந்தத்துக்குத்தான் மைதானம் வேண்டியிருந்தது. அந்த மைதானத்துக்காக வடக்குக் குளத்தைத் தூர்த்து, குளத்தங்கரைத் தெருவை மொத்தமாக இடிப்பதாக இருந்தது முதல் வரைபடம்.

அப்புறம்தான் ஓடை வந்தது.

ஓடை ஒரு மென்பொருள். ஊரில் இப்போதிருக்கிற ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, விமான நிலையம் மூன்றிலும் ஒரு வருடச் சோதனை. ஊரே போனில் வைத்திருந்த டிக்கெட் ஆப்புக்குள்ளேயே அதுவும் உட்கார்ந்திருந்தது. எப்போது கிளம்பு, எந்த வாசலில் நுழை, எந்தப் படியில் ஏறு என்று ஒவ்வொருவர் போனிலும் சொல்லும். சோதனை முடிவு வந்தபோது வழியனுப்புகிற கூட்டம் கரைந்தே போயிருந்தது. கூடம் கால்பங்காகச் சுருங்கியது. குளம் தப்பித்தது, தெரு தப்பித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செண்பகவல்லியும்தான்.

கடைசி வரைபடத்தில் தன் பெயரைப் போடுவதற்கு முன்னால் ஒருதடவை நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தவள், இப்போது ட்ராலி அடுக்குகிறவரிடம் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, சனத்தையே காணும்?"

"ஆறேழு மாசமா இப்படித்தாம்மா. வெளிய இருந்த டீக்கடைகூட மூடியாச்சு. அழுதவ தொண்டைய நனைக்கத்தான டீ குடிப்பா? அழ ஆளு வேணும்லா?"

"ஏன் வரலையாம்?"

"பாசம் கொறஞ்சிட்டுன்னு வைங்க." ட்ராலியை இடித்துத் தள்ளியவர் நின்றார். "ஆனா ஒண்ணும்மா. வராம இல்ல. வருவாவ. பிளேன் போன பொறவு வருவாவ."

செண்பகவல்லி காத்திருந்தாள். விமானம் ஓடி, எழும்பி, வெயிலில் ஒரு புள்ளியானது. அதற்கப்புறம், சொல்லிவைத்த மாதிரி, முதல் வேன் வந்து நின்றது. ஒரு பெரியவர், இரண்டு பெண்கள், இடுப்பில் குழந்தை, கையில் மல்லிகைப் பூ. பலகையைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தார்கள். யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை, ஒரு கேள்விகூட கேட்கவில்லை. சத்தமில்லாமல் வேனில் ஏறினார்கள்.

அவள் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தாள். "என்னாச்சுங்க ஐயா? நேரம் தப்பிட்டா?"

"ஒண்ணுமில்லம்மா." பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது எங்க வீட்டு விசயம்."

அடுத்த வேனிலும் அதே பதில். அதற்கடுத்த ஆட்டோவிலும்.

* * *

மைதீன்பாத்துவிடம் பதில் கிடைக்கும் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். மைதீன்பாத்து எதையும் மூடிவைக்கிற பேர்வழி இல்லை. குளத்தங்கரைத் தெருவில் நில அளவைக்காரர்கள் நட்ட கல்லையெல்லாம் பிடுங்கிக் குளத்தில் போட்டவள். ஐம்பது வயதுக்கு அந்தக் கைக்கு நல்ல பலம். விடிந்தால் தெருவுக்கே இடியாப்பம் அவிக்கிற கை. கல்லைக் கேட்டு வந்த செண்பகவல்லிக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்து, 'சாப்பிட்டுட்டுக் குளத்துல குதிச்சு எடுத்துக்கோ' என்றவள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு இது.

"வா என்ஜினியரு. மறுபடி கல்லு ஊனவா வந்திருக்க?"

"இல்ல மாமி. காதர் எப்படி இருக்கான்னு கேக்க வந்தேன்."

இடியாப்பத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. காதர் அவளுடைய ஒரே மகன். ஏசி மெக்கானிக். துபாய் போய் நான்கு மாதம்.

"இருப்பான்."

"நீங்க ஏர்போர்ட்டுக்குப் போய் அனுப்பிவச்சீயளா?"

"அது எங்க வீட்டு விசயம்."

"இன்னைக்கு இதே வார்த்தைய மூணு குடும்பத்துகிட்ட கேட்டுட்டு வாரேன் மாமி."

மைதீன்பாத்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நான்கு மாதத்துக்கு முந்தைய செய்தியைத் தேடவேண்டியிருக்கவில்லை. தினமும் எடுத்துப் பார்க்கிற செய்தி அது. அதற்கப்புறம் அவனிடமிருந்து எதுவும் வந்திருக்கவில்லை.

'உம்மா, பிளைட் ரெண்டு மணி நேரம் லேட்டு. அவசரப்படாதீய. மெதுவா வாங்க.'

"நம்பி மெதுவா போனேன். அவனுக்குப் புடிச்ச இனிப்புன்னு வட்டலப்பம் செஞ்சு சூடு ஆறாம துணியில கட்டி எடுத்துட்டுப் போனேன். அங்க போனா பிளேன் போயாச்சு. சரி, எறங்குனதும் பேசுவான்னு பாத்தா, பேசுனான். 'வரமாட்டேன், நீயே போய்க்கோன்னு மெசேஜ் அனுப்பிட்டு இப்ப என்ன போனு'ங்கான். 'நான் எங்கலே அனுப்பினேன்'னு கேட்டா, 'பொய் சொல்லாதீய உம்மா'ங்கான். 'நீதான லேட்டுன்னு அனுப்பின'ன்னு சொன்னா, 'நான் எதுக்கு அனுப்புதேன்'ங்கான். அன்னைக்கு வச்சவன்தான். பொறவு எடுக்கவே இல்ல. வட்டலப்பத்தோட வந்தேன்லேன்னு எத்தன மெசேஜ் அனுப்பினாலும் பதிலே இல்ல."

"உங்க மேல அவனுக்கு அவ்வளவு கோவம் வருமா?"

"அவன் போறது எனக்குப் புடிக்கல. முந்துன நாள் வாயி விட்டுட்டேன். 'போனா அப்படியே போயிரு'ன்னுட்டேன். அதான் நான் வராம இருந்துட்டேன்னு நெனச்சிட்டான். வந்தேன்ட்டி. வட்டலப்பத்தோட வந்தேன். அத மட்டும் அவன் நம்பிட்டாம்னா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"இத ஏன் மாமி யார்கிட்டயும் சொல்லல? அந்த ஆப்புல புகார் கொடுத்திருக்கலாமே?"

"பெத்த மவன் மதிக்கலன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கவா? நல்லா இருக்கே!"

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு முக்காடு எழும்பியது. செய்யதம்மாள். கொஞ்ச நேரமாகவே அங்கே பாத்திரச் சத்தம் இல்லை.

"மைதீனு... எம்மவளும் சென்னைக்கு ரயிலேறயில இதே கததான். பிளாட்பாரம் மாத்தியாச்சுன்னு அவ நம்பர்லருந்து வந்துச்சு. நானும் அவ வாப்பாவும் அந்தக் கோடிக்கு ஓடுதோம். ரயிலு இந்தக் கோடியில போவுது. வேணும்னே செஞ்சாளோன்னு இன்னைய வரைக்கும் மனசுல..."

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ சொன்னியாக்கும்?"

அன்று மதியத்துக்குள் செண்பகவல்லி தெருவில் பாதி வீடு ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போன். ஒவ்வொரு போனிலும் மகன், மகள், மருமகன் யாரோ ஒருவர் பெயரில் ஒரு செய்தி. அந்த மகனோ மகளோ அனுப்பாத செய்தி. எல்லாரும் தங்கள் வீட்டில் மட்டும் நடந்ததாக நினைத்து, பல்லைக் கடித்து, மூடிவைத்திருந்தார்கள்.

ஒரு ஊரே கௌரவமாக வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த மௌனம்தான் அவள் ஆபீசில் 'கூட்டம் குறைந்தது' என்று கீழிறங்கும் கோடாக வரையப்பட்டிருந்தது.

* * *

திட்டத் தலைவர் ஆசீர் சாமுவேலின் மேஜைமேல் முச்சந்தியின் மாதிரி இருந்தது. விரல் நீள ரயில், தீப்பெட்டி பஸ், ஒரு குட்டி விமானம். அட்டைக் கூடத்தில் பொட்டுப்பொட்டாக மனிதர்கள். நிறைய இடைவெளி விட்டு நின்றார்கள்.

"ஓடை பொய் சொல்லுது சார்."

"உட்காருங்க செண்பகம்."

"மகன் பேர்ல அம்மாவுக்கு அனுப்புது. அம்மா பேர்ல மகனுக்கு அனுப்புது. ரெண்டு பேரையும் சந்திக்க விடாம பண்ணுது."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணாவது மாசமே எனக்குத் தெரியும்."

"யாரு சார் இப்படி எழுதினது?"

"யாருமே எழுதல. அதுதான் விஷயம். நாம அதுகிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு. எந்த இடத்துலயும் கூட்டம் நெரியக் கூடாது. எப்படின்னு நாம சொல்லித்தரல. முதல்ல 'கூட்டமாக வராதீர்கள்'னு அறிவிப்பு போட்டுப் பார்த்துச்சு. நம்ம ஊர்ல எவன் கேப்பான்? அப்புறம் 'வண்டி தாமதம்'னு போட்டுப் பார்த்துச்சு. அறிவிப்ப நம்பாம முன்னாடியே வந்து நின்னாங்க. கடைசியில, இந்த ஜனங்க யார் சொன்னா நம்புவாங்கன்னு கண்டுபிடிச்சிருச்சு."

"வீட்டு ஆள் சொன்னா."

"வீட்டு ஆள் சொன்னா. ஏற்கெனவே மனஸ்தாபம் இருக்கிற வீடுன்னா இன்னும் சுலபம். ஒரு வரி போதும். வெளியிலயும் வராது."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது.

"உடனே நிறுத்தணும் சார்."

ஆசீர் எழுந்து ஜன்னலருகே போனார். அங்கிருந்து பழைய ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் தெரியும்.

"ஆடி அமாவாசை நெரிசல் ஞாபகம் இருக்கா? கடைசி நிமிஷத்துல பிளாட்பாரம் மாத்தினாங்க. மேல இருந்தவங்க இறங்க, கீழ இருந்தவங்க ஏற... என் தங்கச்சி மக பெனிட்டா அந்தப் படியிலதான் கிடந்தா. அவ எங்கயும் போறதுக்கு வரல செண்பகம். தோழிய ரயிலேத்தி விட வந்தவ." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஓடை வந்த பிறகு அந்தப் படியில ஒரு செருப்புகூட அறுந்து கிடக்கல. ஒரு பக்கம் உயிரு. இன்னொரு பக்கம் ஒரு டாட்டா. நீங்க எதை எடுப்பீங்க?"

அவளுடைய கோபம் எங்கே கால் ஊன்றுவது என்று தெரியாமல் தடுமாறியது.

"இன்னொன்னும் சொல்றேன். ஓடைய எடுத்துட்டா கூடம் பழைய அளவுக்கு வரணும். அதாவது குளம் போகும். அந்தத் தெரு போகும். உங்க இடியாப்பத்தம்மா வீட்டை இன்னைக்குக் காப்பாத்திக்கிட்டிருக்கிறது அந்தப் பொய்தான். போய்ச் சொல்லிப் பாருங்க."

"சொல்லத்தான் போறேன்."

"தாராளமா. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு கலெக்டர் ஆபீஸ்ல கருத்துக் கேட்பு. பொதுமக்கள் எதிர்ப்பு சொன்னா பதிவாகும், சோதனை நிக்கும். நீங்க பேசினா பதிவாகாது, நீங்க திட்டத்தோட ஆளு. யாரும் வரலன்னா ஓடை நிரந்தரம். ரோட்டு சிக்னலும் கலெக்டர் ஆபீஸும் போன மாசமே ஓடைகிட்ட வந்தாச்சு. மத்த துறையெல்லாம் வரிசையில நிக்கிறாங்க. முதல்ல ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரியில எதுக்கு?"

"பார்வையாளர் நேரத்துல வார்டுல எவ்வளவு நெரிசல்னு பார்த்திருக்கீங்கல்ல?"

அவள் கதவுவரை போய்விட்டாள். ஆசீர் ஏதோ சின்னத் தகவல் மாதிரி சொன்னார். "படிக்கத் தெரியாதவங்களுக்காக இப்ப குரல்லயும் சொல்லுது. பழகின குரல்னா பதற்றம் இல்லாம கேக்கறாங்களாம்."

* * *

செண்பகவல்லி ஒன்றையும் மறைக்கவில்லை. குளத்தங்கரைத் தெருப் பெண்கள் மைதீன்பாத்துவின் வாசலில் கூடியிருக்க, நிறுத்தினால் தெரு போகும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

செய்யதம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வீடா புள்ளையான்னு நம்மள கேக்காவளாக்கும்?"

"நாம எதுக்குச் சொல்லணும்?" என்றாள் மைதீன்பாத்து. "குளத்தையும் தூக்காம, எம்மவங்கிட்டயும் பொய் சொல்லாம கட்டடம் கட்டத் தெரியலன்னா, இவ்வளவு பேரு என்னத்துக்குப் படிச்சாவ? அவ்வோதான் யோசிக்கணும். நான் வாரேன்ட்டி வியாழக்கிழம. கலெக்டரு மொகத்துக்கு நேரா சொல்லுதேன். அங்க சொன்னா பேப்பர்ல வரும்லா? பேப்பர்ல வந்தா எம்மவன் பாப்பான்லா? உம்மா வந்தாங்கது அப்பவாவது தெரியட்டும்."

ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்தது. ஆப்பில் வண்டி பிடித்தால் ஓடைக்குத் தெரியும். அதனால் செண்பகவல்லி பக்கத்து ஊர் பால்துரையிடம் நேரில் போய்ப் பேசினாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாரும் போன அணைச்சு வச்சிருங்க. எழுத்து மட்டுமில்ல, குரலும் வரலாம். உங்க பிள்ளைங்க குரல்லயே வரலாம். நம்பாதீங்க."

வாசலே சிரித்தது.

"எம்மவன் குரல் எனக்குத் தெரியாதாட்டி? வயித்துல கெடக்கும்போதே உதையிலேயே ஆளத் தெரியும்."

போனை அணைப்பதாக எல்லாரும் தலையாட்டினார்கள். செண்பகவல்லி அதை நம்பினாள். அவளுடைய தப்பு அது ஒன்றுதான். பிள்ளை தூரதேசத்தில் இருக்கிறவள் எந்தக் காரணத்துக்கும் போனை அணைக்கமாட்டாள் என்பது அவளுடைய கணக்கில் இல்லை.

* * *

வியாழக்கிழமை காலை குளக்கரையில் கல்யாண வீட்டுக் கிளம்பல் மாதிரி இருந்தது. பெண்கள் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டில், ஒருத்தி முறுக்கு.

"கலெக்டரு சின்ன பையனாமே. கல்யாணம் ஆயிட்டா?"

"ஏன், ஒம்மவள குடுக்கப் போறியா?"

"கேட்டு வச்சுக்கிட்டா நட்டமா?"

பால்துரை ஹாரன் அடித்தார். "எல்லாரும் ஏறியாச்சா தாய்மாரே? ஏறலன்னா சொல்லுங்க, விட்டுட்டுப் போயிருதேன்."

மைதீன்பாத்து முன் இருக்கையில், செண்பகவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் பையை வைத்து, கலெக்டரிடம் சொல்லப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. பைக்குள் போன் அடித்தது.

பெயரைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை செண்பகவல்லி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள்.

"காதரு!"

"மாமி, எடுக்காதீங்க."

அதற்குள் எடுத்திருந்தாள். ஸ்பீக்கரையும் தட்டினாள். வேன் முழுக்கக் கேட்கட்டும் என்று தட்டினாள்.

"உம்மா..."

நான்கு மாதம் பேசாத குரல். கொஞ்சம் கரகரப்பு. பின்னால் ஏதோ இயந்திர இரைச்சல்.

"சொல்லுலே. சொல்லு ராசா."

"நான் கண்டபடி பேசிட்டேன் உம்மா. நீங்க வந்தீயன்னு எனக்குத் தெரியும். இப்ப தெரியும். மனசுல வச்சுக்கிடாதீய. வட்டலப்பத்த யாருக்குக் குடுத்தீய?"

"யாருக்குலே குடுப்பேன்? கொண்டுவந்து பிரிக்காமலே வச்சிருந்தேன். கெட்டுப்போச்சு." சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

"இப்ப எங்க இருக்கீய? வெளியவா? எங்கயும் போவாண்டாம் உம்மா. வீட்டுக்குப் போங்க. செத்த நேரத்துல வீடியோவுல வாரேன். உங்க மொகத்தப் பாக்கணும்."

இணைப்பு அறுந்தது.

செண்பகவல்லி மெதுவாகத்தான் பேச ஆரம்பித்தாள். "மாமி, நான் அன்னைக்குச் சொன்னேன்ல..." அதை முடிக்க முடியவில்லை. பின் இருக்கையில் இன்னொரு போன் அடித்தது. "எம்மவதான்!" என்றாள் செய்யதம்மாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசி இருக்கையில் இரண்டு ஒரே நேரத்தில். வேனுக்குள் விதவிதமான பாட்டுச் சத்தம். ஒவ்வொருத்திக்கும் அவள் எந்தப் பெயருக்காகக் காத்திருந்தாளோ அந்தப் பெயர். ஒருத்தி தேம்பினாள். ஒருத்தி 'ஒனக்கு வயிறு எப்படி இருக்கு' என்று விசாரித்தாள். ஒருத்தி போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டுங்க," என்றாள் செய்யதம்மாள்.

ஓடைக்கு இவர்கள் எதிர்ப்பாளர்கள் என்று தெரியாது. கருத்துக் கேட்பு என்றால் என்னவென்று தெரியாது. ஒரே கூடத்தை நோக்கி, ஒரே நேரத்துக்கு, ஒரு கூட்டம் கிளம்புகிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வேன் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் செண்பகவல்லியிடம் கோபப்படவில்லை. போகிற போக்கில் கன்னத்தைத் தொட்டு, 'நல்லாரு மக்கா' என்று சொல்லிக்கூடப் போனார்கள்.

"மாமி, நீங்களாவது கேளுங்க. திரும்பக் கூப்பிட்டு ஏதாவது கேட்டுப் பாருங்க. அவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சது ஏதாவது ஒண்ணு."

மைதீன்பாத்து அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பெத்தவ மவனுக்குப் பரீச்ச வைப்பாளாட்டி? நாலு மாசம் கழிச்சு உம்மான்னு கூப்பிட்டிருக்கான். நீ யாருலேன்னு கேக்கவா? கேட்டு, அது அவனாவே இருந்துட்டா? பொறவு சாவுற வரைக்கும் கூப்பிடமாட்டான்."

"அவனா இல்லாம இருந்தா?"

மைதீன்பாத்து போனின் இருண்ட திரையைச் சேலை நுனியால் துடைத்தாள். பிறகு கேட்டாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீ படிச்சவ. நீ சொல்லு. அது அவன்தான?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒருவேளை அவள் வண்டியில் உட்காருவாள். ஆனால் செண்பகவல்லிக்கு அது தெரியாது. துபாயில் ஒரு மெக்கானிக் வேலைக்கு நடுவில், மனசு கேளாமல், அம்மாவைக் கூப்பிடக் கூடாதா என்ன? எல்லாக் குரலும் பொய்யாக இருந்து ஒன்று மட்டும் நிஜமாக இருக்கக் கூடாதா? அதைக் கண்டுபிடிக்க அவளிடமும் வழி இல்லை. இனி ஊரில் யாரிடமும் இல்லை.

"தெரியல மாமி."

"தெரியலல்லா?" மைதீன்பாத்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப அவன்னே இருந்துட்டுப் போட்டும்."

இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தெருவைப் பார்த்து நடந்தாள். வீடியோவில் வருவான் என்ற அவசரம் நடையில் தெரிந்தது.

பால்துரை கண்ணாடியில் காலி இருக்கைகளைப் பார்த்தார். ஒரு இருக்கையில் முறுக்குப் பொட்டலம் மட்டும் இருந்தது.

"என்ன மேடம்? போவமா, திருப்பவா?"

"போங்க அண்ணாச்சி."

வேன் பெரிய ரோட்டில் ஏறியது. சந்தை முக்கில் எப்போதும் மாட்டிக்கொள்கிற சிக்னல் பச்சையாக இருந்தது. அடுத்ததும் பச்சை. ரயில்வே கேட் திறந்து கிடந்தது. முன்னால் ஒரு லாரி இல்லை, ஒரு டவுன் பஸ் இல்லை.

"இருவது வருசமா வண்டி ஓட்டுதேன், இந்த ரோடு இப்படிக் கெடந்து பாத்ததில்ல மேடம்," என்றார் பால்துரை, உற்சாகமாகக் கியர் மாற்றிக்கொண்டே. "நமக்குன்னே தொறந்து விட்ட மாதிரில்லா இருக்கு!"

செண்பகவல்லி முன்கண்ணாடி வழியே பார்த்தாள். தூரத்தில் இன்னொரு சிக்னல் பச்சைக்கு மாறியது. ஓடையின் கணக்கில் ஒற்றை ஆள் கூட்டம் ஆவதில்லை.